மலையிலிருந்து இறங்கிய பாதரசம்: எல்லை தாண்டும் அபாயகரக் கழிவும் சட்டத்தின் வரம்பும்

2003 மே மாதம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட சரக்கில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு இருந்தது. உடைந்த தெர்மாமீட்டர்கள், பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள், பாதி செய்து நின்றுபோன பொருள்கள், மிஞ்சிய பாதரசம் எல்லாம் பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கொடைக்கானல் மலையிலிருந்து இறக்கப்பட்டிருந்தன. அவை போய்ச் சேர்ந்த இடம் பென்சில்வேனியா மாநிலத்தில் கழிவைச் சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் பெத்லகேம் அப்பரேட்டஸ் நிறுவனத்தின் ஆலை. பணக்கார நாடுகளின் நச்சுக் கழிவு ஏழை நாடுகளின் கரையில் வந்து இறங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், தமிழ்நாட்டு மலையூர் ஒன்றின் கழிவு எதிர்த்திசையில் பயணம் போனது. எல்லை தாண்டும் அபாயகரக் கழிவுக்கான சட்டங்கள் எதைக் காண்கின்றன, எது அவற்றின் கண்ணில் படாமல் போகிறது என்று அறிய இந்த ஒரு சரக்கின் வரலாறே பெரும்பாலும் போதும்.

கொடைக்கானலில் பாதரசம் வெட்டி எடுக்கப்படுவதில்லை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த தெர்மாமீட்டர் ஆலை 1983இல் இடம்பெயர்ந்து கொடைக்கானலுக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது. செய்து முடித்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போனது. மலையில் தங்கியது கூலியும் கழிவும்தான். பின்னர் செஸ்பரோ-பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998இல், ஆலையை நடத்திவந்த பாண்ட்ஸ் இந்தியா நிறுவனம் யூனிலீவரின் இந்திய நிறுவனமான இந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது ஆலையும் கைமாறியது. ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் தெர்மாமீட்டர் கம்பெனிதான்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருள் கடை ஒன்றில், பாதரசம் கலந்த கண்ணாடி உடைசல் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் வெளிக்கொணர்ந்தார்கள். அந்தக் குவியலின் எடை 7.4 டன் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. தன் விதிமுறைகளை மீறி அந்த உடைசல் வெளியே விற்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, அந்த மாதமே ஆலையை நிறுத்தியது. ஆலை திரும்பத் திறக்கவில்லை.

ஆலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலை இருக்கிறது. மழைநீர் அதன் வழியாகவே சமவெளிக்கு இறங்குகிறது. இந்த நில அமைப்பு பாதரசத்தின் இயல்போடு சேரும்போதுதான் ஆபத்து முழுமை பெறுகிறது. அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் ஒரே உலோகம் அது. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். காற்றில் கலந்து, குளிர்ந்த இடத்தில் படிந்து, நீர்நிலையின் அடிவண்டலை அடையும். அங்கே நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனின் உடலில் சேர்ந்து, பெரிய மீனில் கூடுதலாகத் திரண்டு, மீன் தின்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது அந்த வடிவம்தான். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1950களில் நிகழ்ந்தது அதுவே. கொடைக்கானலில் சேகரித்த பாசியிலும் மரப்பாசியிலும் பாதரசம் கூடுதலாக இருப்பதையும், ஏரி நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் அது கலந்திருப்பதையும் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வகத்தின் வேதியியலாளர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் பதிவு செய்தனர். மரப்பாசிக்கு வேர் கிடையாது. காற்றிலிருந்தே உணவு எடுப்பதால், காற்று என்ன சுமந்து வந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

கொடைக்கானல் ஆலை தொடங்கிய 1983இல் உலகில் கழிவின் எல்லைக் கடப்பைக் கட்டுப்படுத்தும் பொது உடன்படிக்கை எதுவும் இல்லை. அதைக் கொண்டுவந்தவை, அடுத்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வெடித்த துறைமுக ஊழல்கள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் கழிவைப் புதைப்பதற்கான விதிகள் இறுகின. செலவு பல மடங்கு ஏறியது. கப்பலேற்றி அனுப்புவது மலிவாயிற்று. 1986இல் பிலடெல்பியா நகரக் குப்பை எரிப்புச் சாம்பலை ஏறத்தாழ 14,000 டன் ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் கிளம்பியது. கரீபியக் கரைகளில் யாரும் அதை ஏற்கவில்லை. ஹெய்ட்டியின் கொனாயீவ் கடற்கரையில் 4,000 டன்னை உரம் என்று சொல்லிக் கொட்டியது. பெயரை மாற்றி மாற்றி உலகைச் சுற்றிய அந்தக் கப்பல் 1988 இறுதியில் சிங்கப்பூரை அடைந்தபோது சரக்கறை காலியாக இருந்தது. மிச்சச் சாம்பல் அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கரைந்துவிட்டது. ஹெய்ட்டியில் கொட்டியதில் ஒரு பகுதி பல ஆண்டு இழுபறிக்குப் பின் அமெரிக்காவுக்கே திரும்பி, 2002இல் பென்சில்வேனியாவில் புதைக்கப்பட்டது. கொடைக்கானல் பீப்பாய்கள் அதே மாநிலத்துக்கு வந்தது மறு ஆண்டு. நைஜீரியாவின் கோகோ என்ற சிற்றூரில் நடந்தது இன்னும் அப்பட்டமானது. இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நச்சுப் பீப்பாய்கள் ஒரு தனியாரின் வீட்டு மனையில், மாதம் 100 டாலர் அளவான வாடகைக்கு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1988இல் செய்தி வெளியாகி நைஜீரிய அரசு கொதித்தெழுந்ததும் இத்தாலி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இந்தச் சூழலில் 1989 மார்ச் 22 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஏற்கப்பட்டு, 1992 மே 5 அன்று நடைமுறைக்கு வந்தது பாசல் உடன்படிக்கை. அதே ஆண்டு ஜூனில் இந்தியா அதற்கு ஏற்பளித்தது. அபாயகரக் கழிவின் வணிகத்தை அது தடை செய்யவில்லை; கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, திறக்கும் உரிமையைப் பெறும் நாட்டின் கையில் கொடுத்தது. கழிவை அனுப்ப விரும்பும் நாடு முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும்: என்ன கழிவு, எவ்வளவு, யார் உண்டாக்கியது, எந்த வழியாகப் போகிறது, அங்கே அதை என்ன செய்யப்போகிறார்கள். பெறும் நாடும் வழியிலுள்ள நாடுகளும் விவரம் அறிந்து முன்கூட்டியே ஒப்புதல் தந்த பிறகே சரக்கு நகரலாம். புறப்பட்ட இடம் முதல் இறுதியாக அகற்றும் இடம் வரை ஓர் ஆவணம் கூடவே போக வேண்டும். கைமாறும் ஒவ்வொருவரும் அதில் ஒப்பமிட வேண்டும். ஒப்புதல் இல்லாமலோ பொய்த் தகவலாலோ போன சரக்கு சட்டவிரோதக் கடத்தல். தவறு அனுப்பியவர் பக்கம் என்றால், அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் அனுப்பிய நாடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 9ஆம் சரத்து. அண்டார்க்டிகாவுக்குக் கழிவு அனுப்புவதற்கும் இதே உடன்படிக்கையில் தடை உண்டு. கேட்டு ஒப்புதல் தர அங்கே நிரந்தர மனிதக் குடியிருப்பு இல்லையே.

எது அபாயகரக் கழிவு என்பதைப் பிற்சேர்க்கைப் பட்டியல்கள் தீர்மானிக்கின்றன. முதல் பிற்சேர்க்கையில் பாதரசமும் அதன் சேர்மங்களும் ஒய்29 என்ற குறியீட்டில் இடம் பெறுகின்றன. எரியும் தன்மை, நச்சுத் தன்மை, அரிக்கும் தன்மை முதலான இயல்புகள் மூன்றாம் பிற்சேர்க்கையில் உள்ளன. 1998இல் சேர்க்கப்பட்ட எட்டாவதும் ஒன்பதாவதும், எவை அபாயகரமானவை, எவை வழக்கமாக அப்படிக் கருதப்படாதவை என்று பெயர் சொல்லியே பிரிக்கின்றன.

கொடைக்கானல் வரலாற்றை இந்த உடன்படிக்கையின் மேல் வைத்துப் பார்த்தால் அது எங்குமே சரியாகப் பொருந்துவதில்லை. துறைமுகத்துக்கு வந்தபோது பாதரசம் கழிவாக இல்லை. விலை கொடுத்து வாங்கிய மூலப்பொருள். ஆலையின் இடப்பெயர்ச்சி தொழில் முதலீடு. எந்த நாடும் அதற்கு நன்றிதான் சொல்லும். நச்சு எல்லையைத் தாண்டியபோது சட்டம் பார்க்கக்கூடிய கழிவு எதுவும் இல்லை. கழிவு உண்டானபோது தாண்ட எல்லை இல்லை. ஆகவே, அனுப்பிய நாடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற 9ஆம் சரத்தின் கடமை இங்கே எழவே இல்லை. எல்லையில் நிற்கும் பொருளை மட்டும் எடைபோடும் சட்டம், அந்தப் பொருளிலிருந்து பத்தாண்டு கழித்து எது மிஞ்சும் என்று கேட்பதில்லை. பாசல் ஏற்பாட்டின் மிகப்பெரிய ஓட்டை இதுதான். கள்ளக் கடத்தல்காரர்கள் பயன்படுத்தும் ஓட்டைகள் இதன் முன் சிறியவை.

திரும்பிப் போகும் வழியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்கா 1990இல் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை இயற்றாததால் உறுப்பு நாடாகவில்லை. உறுப்பு நாடுகள் உறுப்பல்லாத நாட்டோடு அபாயகரக் கழிவைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்கிறது 4ஆம் சரத்தின் 5ஆம் பத்தி; 11ஆம் சரத்தின்படி தனி உடன்பாடு இருந்தால் மட்டுமே விலக்கு. ஏழை நாடுகளைக் காக்க எழுதிய தடை, நச்சை அது கிளம்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்கும் எழுத்தளவில் குறுக்கே நிற்கிறது. கொடைக்கானலில் கழிவை நகர்த்தியவை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அழுத்தமும் முன்னாள் தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் நடத்திய போராட்டமும். செலவை நிறுவனம் ஏற்றது. நல்ல முடிவுதான். ஆனால், அடுத்த ஊருக்கு முன்மாதிரியாகச் சுட்டிக்காட்டச் சட்டத்தில் எந்த வரியையும் அது விட்டுச் செல்லவில்லை.

இந்தியாவின் சொந்த விதிகள் பாசலோடு ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தவை. போபால் விபத்துக்குப் பின் 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1989 ஜூலையில் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் வெளியாயின. பல ஆண்டுகள் அவை காகிதத்தில் கிடந்தன. 1995இல் டெல்லியைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை தொடுத்த பொதுநல வழக்கே அவற்றை உசுப்பியது. உச்ச நீதிமன்றம் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கையை ஒட்டி 2003 அக்டோபர் 14 அன்று விரிவான ஆணை பிறப்பித்து, அதை நிறைவேற்றுவதைக் கண்காணிக்க ஜி. தியாகராஜன் தலைமையில் குழு ஒன்றையும் அமர்த்தியது. அந்தக் குழு 2004இல் கொடைக்கானலுக்கும் வந்து பார்த்தது.

அதே வழக்கில் வந்த நவ சேவா எண்ணெய்க் கன்டெய்னர்கள், துறைமுகத்தில் சட்டம் எப்படித் திணறுகிறது என்பதைக் காட்டின. மும்பைக்கு அருகிலுள்ள அந்தத் துறைமுகத்தில் 133 கன்டெய்னர்கள் நெடுங்காலம் எடுப்பாரற்றுக் கிடந்தன. ஆவணத்தில் மசகு எண்ணெய். உள்ளே இருந்தது அபாயகரமான கழிவு எண்ணெய். இறக்குமதியாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அனுப்பியவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆண்டுகள் ஓடின. கடைசியில் 2005 ஜனவரியில், இறக்குமதியாளர்கள் செலவில் அந்த எண்ணெயை எரித்து அழிக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. பிறர் கழிவை இங்கேயே எரித்து முடிக்க வேண்டியதாயிற்று. திருப்பி அனுப்பும் விதி ஏட்டில் இருந்தும், கேட்பாரற்ற சரக்கை வாங்கிக்கொள்ள மறுமுனையில் யாரும் இல்லாவிட்டால் அது செல்லாக்காசுதான்.

இப்போது நடப்பில் இருப்பவை 2016 ஏப்ரலில் வெளியான அபாயகர மற்றும் பிற கழிவுகள் விதிகள். புதைப்பதற்கோ எரிப்பதற்கோ கழிவை இறக்குமதி செய்ய இவை அனுமதிப்பதில்லை. மறுசுழற்சி, மீட்பு, மறுபயன்பாடு ஆகியவற்றுக்கு மட்டுமே வாசல் திறக்கும். மூன்றாம் அட்டவணையின் சில பகுதிகளில் உள்ளவற்றுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி தேவை. ஆபத்து குறைந்தவற்றுக்கு உரிய ஆவணங்கள் போதும். ஆறாம் அட்டவணை முழுத் தடைப் பட்டியல்: வீட்டுக் குப்பை, கழிவுச் சமையல் எண்ணெய், நேராக மறுபடி ஓட்டுவதற்கான பழைய டயர் போன்றவை அதில் உள்ளன. திடப் பிளாஸ்டிக் கழிவுக்கு இருந்த விதிவிலக்குகள் 2019 மார்ச்சில் நீக்கப்பட்டன. சிறப்புப் பொருளாதார மண்டலங்களும் தடைக்குள் வந்தன. சட்டவிரோதமாக வந்த சரக்கை, வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் இறக்குமதியாளர் தம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும்.

விதி டெல்லியில் எழுதப்பட்டாலும் அதன் உயிர் துறைமுகச் சுங்க அலுவலகத்தில்தான். அங்கே கன்டெய்னர்கள் ஆயிரக்கணக்கில் வந்து போகின்றன. திறந்து பார்க்க முடிவது மிகச் சில. சுங்க அதிகாரியின் கையில் இருப்பது இறக்குமதியாளர் எழுதித் தந்த சரக்கு விவரமும் ஒரு கட்டண எண்ணும். சுங்கக் கட்டண எண்கள் பொருளின் வகையை வைத்துப் பிரிக்கப்பட்டவை. பாசல் பட்டியல் பொருளின் ஆபத்தை வைத்துப் பிரிக்கப்பட்டது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கழிவுக் காகிதம் என்று வரும் கட்டில் வீட்டுக் குப்பை எவ்வளவு, பழைய கணினி என்று வருவதில் இயங்குபவை எத்தனை என்பதைக் காகிதம் சொல்லாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வரும் வரை டெமரேஜ் எனும் தேக்க வாடகை ஏறும். வாடகை சரக்கின் விலையைத் தாண்டிய பிறகு இறக்குமதியாளர் திரும்பி வருவதில்லை.

கொழும்பில் நடந்தது இதன் விரிந்த வடிவம். 2017 முதல் பிரித்தானியாவிலிருந்து 263 கன்டெய்னர்கள் இலங்கைக்கு வந்தன. பழைய மெத்தை, தரைவிரிப்பு ஆகியவற்றைப் பிரித்து மறுஏற்றுமதி செய்வதற்கானவை என்று சொல்லப்பட்டது. ஒரு பகுதி துறைமுகத்தில் தேங்கியது. மறுபகுதி கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் குவிந்தது. 2019இல் திறந்து பார்த்தபோது மருத்துவமனைக் கழிவும் கலந்திருப்பதாகச் சுங்கத் திணைக்களம் அறிவித்தது. சுற்றுச்சூழல் நீதிக்கான மையம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது; 2020இல் திருப்பி அனுப்ப ஆணை பிறந்தது; கடைசித் தொகுதி கொழும்பை விட்டுப் போனது 2022 பிப்ரவரியில். 30 நாள் என்ற பாசல் கணக்கு இங்கே ஆண்டுகளாக நீண்டது. எனினும், நவ சேவாவில் கிடைக்காத ஒன்று கொழும்புக்குக் கிடைத்தது: அனுப்பிய நாடு சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

பணக்கார நாடுகளிலிருந்து பிற நாடுகளுக்கு அபாயகரக் கழிவு போவதையே முற்றாகத் தடுக்கும் திருத்தம் 1995இல் எழுதப்பட்டு, போதிய நாடுகள் ஏற்க 24 ஆண்டுகள் ஆகி, 2019 டிசம்பர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. கலப்படமான பிளாஸ்டிக் கழிவு 2021 முதலும், எல்லா மின்னணுக் கழிவும் 2025 முதலும் முன்னொப்புதல் வளையத்துக்குள் வந்தன. உடைக்க வரும் கப்பல்கள் தனி வழக்கு. கல்நார் நிறைந்த கிளமென்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் குஜராத்தின் அலங்கை நோக்கிப் புறப்பட்டு, 2006 பிப்ரவரியில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் தலையிட்டதால் பாதி வழியில் திரும்பியது. தன் எஞ்சினால் ஓடிவரும் கப்பல், சரக்கா கழிவா என்ற கேள்விக்கு இன்றும் நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது.

நாட்டு எல்லையைத் தாண்டாத கழிவைப் பற்றி இந்த உடன்படிக்கைக்குச் சொல்ல எதுவும் இல்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும் சேலத்துச் சேர்வராயன் மலையும் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூரிலுள்ள மால்கோ அலுமினிய ஆலைக்கு இறங்கியது. காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செந்நிறச் சேறு ஆலைக்கு அருகே தேங்கியது. 2008இல் உருக்காலை நின்றது; அலுமினியம் எங்கெங்கோ போயிற்று, கொல்லிமலைக்கு வெட்டிய குழியும் மேட்டூருக்குச் சேறும் மிஞ்சின. இதே சேற்றைக் கப்பலேற்ற வேண்டுமானால் அதன் காரத்தன்மையை அளந்தாக வேண்டும், பி.எச். 11.5க்குக் கீழே தணிந்திருந்தால்தான் பாசலின் ஒன்பதாம் பிற்சேர்க்கை அதை ஆபத்து குறைந்ததாக ஏற்கும். அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குக் கிடைக்கும் அறிவிப்பும் மறுப்புரிமையும் கொல்லிமலைப் பழங்குடிகளுக்கோ மேட்டூர்க்காரர்களுக்கோ அதே வடிவில் கிடைப்பதில்லை. மாநில எல்லையில் ஓரளவு இருக்கிறது: இறுதி அகற்றத்துக்காக வேறு மாநிலத்துக்கு அபாயகரக் கழிவைக் கொண்டுபோக இரு மாநில வாரியங்களின் தடையின்மைச் சான்று வேண்டும் என்கின்றன 2016 விதிகள். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. பாசலின் 9ஆம் சரத்து செய்ய நினைத்ததை, அதைவிட விரைவாக, இரண்டு அண்டை மாநிலங்கள் செய்து முடித்தன.

பாதரசத்தைப் பொறுத்தவரை, கழிவாகும் வரை காத்திராமல் பொருளையே தொடக்கத்தில் பிடிக்க முயல்கிறது 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை. பாதரச வணிகத்துக்கும் இறக்குமதி செய்யும் நாட்டின் எழுத்து ஒப்புதல் வேண்டும். பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் 2020 வரையே காலம் தரப்பட்டது. இந்தியா 2018 ஜூனில் இந்த உடன்படிக்கையை ஏற்றது. 1983இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் வாட்டர்டவுன் ஆலை இடம்பெயர வேறு மலையைத் தேடியிருக்க முடியாது. ஈயம், குரோமியம், கல்நார் என்று ஒவ்வொரு நச்சுக்கும் இப்படித் தனி உடன்படிக்கை எழுதக் காலம் போதாது; ஆலைகள் இடம்பெயரும்போதே கழிவுக்கான பொறுப்பையும் கூடவே கொண்டுவரச் செய்யும் பொது விதி தேவை. அந்தத் திசையில் எழுதப்பட்டது 1999ஆம் ஆண்டின் பாசல் இழப்பீட்டு நெறிமுறை ஒன்றே. அதுவும் கழிவுச் சரக்கின் பயணத்தில் நேரும் சேதத்தைத்தான் பேசுகிறது. தேவையான 20 நாடுகள் ஏற்காததால் அது நடைமுறைக்கு வரவும் இல்லை.

290 டன் போன பின்பும் கொடைக்கானல் ஆலை வளாகத்து மண்ணில் பாதரசம் மிச்சமிருந்தது. மண்ணைக் கழுவி, மாசு மிகுந்த பகுதியைச் சூடேற்றிப் பாதரசத்தைப் பிரிக்கும் முறை திட்டமிடப்பட்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சோலையை ஒட்டிய சரிவுக்கு அது மிகத் தளர்வானது என்று முன்னாள் தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் வாதாடின. இன்னும் கடுமையான அளவு வைத்தால் கூடுதல் மரங்களை வெட்டிச் சரிவையே கிளற வேண்டியிருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் கடைசிவரை சொல்லிவந்தது; எனினும் 591 முன்னாள் தொழிலாளர்களோடு 2016 மார்ச்சில் மனிதநேய அடிப்படையில் உடன்பாடு செய்துகொண்டது. அதில் எந்தப் பன்னாட்டு உடன்படிக்கைக்கும் பங்கில்லை.